பெட்ரோகிராடைப் பிடித்தால் தோற்றுவிடுவீர்கள்: 1918 பிப்ரவரி பற்றிய ஒரு போர்டு கேம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டியை வாங்கலாம். ஆனால் ஜெர்மன் பக்கம் உட்கார்ந்து ஒரே மூச்சில் மாஸ்கோ வரை போய்விடலாம் என்ற ஆசையில் வாங்குகிறவர்களுக்கு இது ஒத்துவராது. போகலாம், பெரிதாக யாரும் தடுக்கமாட்டார்கள். போன பிறகுதான் விளையாட்டு உங்களைக் கழுத்தைப் பிடிக்கிறது.

இரண்டு பேர் ஆடுவது. வெளியிட்டவர்கள் ஒரு சின்னக் குழு, முதல் வெளியீடு போலிருக்கிறது. பின்னால் அச்சுத் தரத்தைப் பற்றி நன்றாகவே திட்டப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை, வேண்டியவர்கள் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன். பொருள் இதுதான்: 1918 பிப்ரவரியில் ரஷ்யாவுக்குள் நுழைந்த ஜெர்மன் படை, நிஜத்தில் நின்ற இடத்தில் நிற்காமல் இன்னும் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 நவம்பரில் ரஷ்யாவில் லெனினின் போல்ஷெவிக் கட்சியினர் ஆட்சியைப் பிடித்தார்கள், டிசம்பரில் ஜெர்மனியோடு போர்நிறுத்தம், ப்ரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் கோட்டையில் பேச்சுவார்த்தை. ஜெர்மன் தரப்பில் வெளியுறவுத் துறையைப் பார்த்துக்கொண்ட கூல்மன், ராணுவத்தின் சார்பில் ஜெனரல் மாக்ஸ் ஹாஃப்மன். எதிரில் முதலில் யோஃபே, அப்புறம் ட்ரொட்ஸ்கி. ட்ரொட்ஸ்கி இழுத்தடித்தார். பெர்லினிலும் வியன்னாவிலும் புரட்சி வெடித்துவிடும் என்று நம்பினார், ஜனவரியில் இரண்டு ஊரிலுமே பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்ததால் அதை முழுக்கக் கனவு என்றும் தள்ளிவிடமுடியாது. பிப்ரவரி 9-ல் உக்ரைனின் ராடா (அந்நாட்டு மன்றம்) தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டது. மறுநாள் ட்ரொட்ஸ்கி எழுந்து, போரும் கிடையாது, உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கிடையாது, எங்கள் படையைக் கலைக்கிறோம் என்று அறிவித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். 13-ம் தேதி பாட் ஹோம்பர்க்கில் கைசர் (ஜெர்மன் பேரரசர்) முன்னால் கூட்டம், கூல்மன் வேண்டாம் என்கிறார், ராணுவத் தலைமையின் லூடன்டார்ஃப் போயே தீரவேண்டும் என்கிறார். யார் பேச்சு எடுபட்டது என்று சொல்லவேண்டியதில்லை. 18-ம் தேதி நண்பகலோடு போர்நிறுத்தம் முடிந்தது, ஐம்பதுக்கு மேற்பட்ட டிவிஷன்கள் நகர ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அன்றைக்கே த்வின்ஸ்க் விழுந்தது, 21-ல் மின்ஸ்க், 25-ல் ரெவால் (இப்போதைய தாலின்), அதே நாட்களில் ப்ஸ்கோவ், மார்ச் தொடக்கத்தில் கீவ், 4-ம் தேதி நார்வா. ஹாஃப்மனே தன் நாட்குறிப்பில், தான் பார்த்ததிலேயே வேடிக்கையான போர் இதுதான் என்ற பொருளில் எழுதிவைத்தார். கொஞ்சம் காலாட்படை, இயந்திரத் துப்பாக்கிகள், ஒரு பீரங்கி, எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றி அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்புவது, அங்கே போல்ஷெவிக்குகளைப் பிடித்துவைப்பது, இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அதற்கடுத்த ஸ்டேஷன்.

அந்த நாட்குறிப்புப் பத்தியைத்தான் டிசைனர் அப்படியே விதியாக்கிவிட்டார், எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். இந்த வகை விளையாட்டுகளில் வழக்கமாக இருக்கும் அறுகோணக் கட்டங்கள் இதில் இல்லை. வரைபடம் முழுக்க ஸ்டேஷன்கள், அவற்றை இணைக்கும் தண்டவாளக் கோடுகள், அவ்வளவுதான். இரட்டைப் பாதை என்றால் தடித்த கோடு, ஒற்றைப் பாதை என்றால் மெல்லியது. ஜெர்மன் ஆட்டக்காரரிடம் சில படைக்காய்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு எஞ்சின் வில்லை. எஞ்சின் இல்லாத படை ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்டேஷன் நடக்கும். எஞ்சின் இருந்தால், எதிரி இல்லாத ஸ்டேஷன்களாகப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கலாம், எங்கே நிற்பது என்பது உங்கள் இஷ்டம். ஒரு சுற்று என்பது ஒரு வாரம்.

எஞ்சின் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரஷ்யத் தண்டவாளம் அகலம். 1524 மில்லிமீட்டர். ஜெர்மனியினுடையது 1435. ஜெர்மன் ரயில் அதில் ஓடாது, பாதையை மாற்றிப் போடவேண்டும், அல்லது ரஷ்ய எஞ்சினையும் பெட்டிகளையும் பிடிக்கவேண்டும். அதனால் சோவியத் ஆட்டக்காரருக்கு முதல் சில சுற்றுகளில் சண்டை போடுவதைவிட முக்கியமான வேலை எஞ்சின்களைக் கிழக்கே ஓட்டிவிடுவது. இதுவும் கற்பனை இல்லை. பிப்ரவரி 21-ல் வந்த “சோஷலிசத் தாய்நாடு ஆபத்தில்” என்ற அறிவிப்பில், ரயில் பெட்டிகளை உடனே உள்நாட்டுக்கு அனுப்பு, பின்வாங்க நேர்ந்தால் பாதையைத் தகர் என்றே உத்தரவு இருந்தது. விளையாட்டில் நீங்கள் த்வின்ஸ்கில் நிற்கும் இரண்டு எஞ்சின்களைக் காப்பாற்றுவதா, மின்ஸ்கில் நிற்கும் மூன்றையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜெர்மன்காரர் த்வின்ஸ்கை எடுத்துவிடுவார். முதல் சுற்றிலேயே. என்ன செய்தாலும் எடுத்துவிடுவார், அதை ஏற்றுக்கொண்டுதான் ஆடவேண்டும்.

சோவியத் பக்கத்துக்கு வேறு ஒரு சுவாரசியம் வைத்திருக்கிறார்கள், போல்ஷெவிக் கட்சியின் மத்தியக் குழு. உங்கள் கையில் இருப்பது ஒரு அரசாங்கம் இல்லை, ஒன்றோடொன்று சண்டை போடும் பதினைந்து வில்லைகள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. லெனின் எப்போதும் போடலாம் பக்கம், புகாரினும் உரிட்ஸ்கியும் எப்போதும் வேண்டாம் பக்கம், நடுவில் இருப்பவர்கள் எந்த ஸ்டேஷன் விழுந்தது, பெட்ரோகிராடில் (அப்போதைய தலைநகர், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ரொட்டி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து நகர்வார்கள். ட்ரொட்ஸ்கி வில்லை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் போகாமல் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜத்திலும் பிப்ரவரி 23 வாக்கெடுப்பில் ஆதரவு 7, எதிர்ப்பு 4, நடுநிலை 4. நடுநிலையில் ட்ரொட்ஸ்கி, ஜெர்ஜின்ஸ்கி, யோஃபே, க்ரெஸ்டின்ஸ்கி. லெனின் ராஜினாமா மிரட்டல் விட்டுத்தான் அந்த ஏழு வாக்கையே தேற்றினார், ஒப்பந்தமும் கையெழுத்தானது. விளையாட்டிலும் அந்த மிரட்டல் ஒரு சீட்டு, ஒரு முறைதான் பயன்படுத்தலாம், தோற்றால் லெனின் வில்லையையே பலகையிலிருந்து எடுத்துவிடவேண்டும்.

இன்னொரு சீட்டு, உருளைக்கிழங்குச் சீட்டு என்று நாங்கள் பெயர் வைத்துவிட்டோம். ஜெர்மன்காரர்கள் வந்துகொண்டிருக்கையில் பிரிட்டன், பிரான்ஸ் உதவியை வாங்கலாமா என்று மத்தியக் குழு கூடியது. லெனின் வரமுடியாமல் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார், ஆங்கிலோ-பிரெஞ்சு ஏகாதிபத்தியக் கொள்ளைக்காரர்களிடமிருந்து உருளைக்கிழங்கும் ஆயுதமும் வாங்குவதற்கு என் வாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. 6-க்கு 5 என்று நிறைவேறியது. இந்தச் சீட்டைப் போட்டால் மூர்மான்ஸ்க்கில் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் இறங்குவார்கள் (மார்ச் 6-ல் நிஜமாகவே சிறு எண்ணிக்கையில் இறங்கினார்கள், உள்ளூர் சோவியத் மன்றத்தின் சம்மதத்தோடு), சோவியத்துக்கு ஆயுதம் வரும், ஆனால் கையெழுத்துப் போடும் வாக்குகளில் இரண்டு குறையும். நல்ல பேரம்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். இந்த விளையாட்டில் ஜெர்மனிக்கு வெற்றிப் புள்ளி நிலத்தால் வருவதில்லை, காகிதத்தால் வருகிறது. எதிரி கையெழுத்துப் போட்டால், அந்தச் சுற்றில் நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஸ்டேஷன்களெல்லாம் புள்ளியாக மாறும். கையெழுத்து இல்லையென்றால் அத்தனை ஸ்டேஷனும் செலவு மட்டுமே. ஒவ்வொன்றிலும் ஒரு காவல் வில்லை வைக்கவேண்டும், வைக்காத ஸ்டேஷன் அடுத்த சுற்றில் எதிரி பக்கம் திரும்பிக்கொள்ளும், பின்னால் ரயில் வராது. காவல் வில்லைகள் குறைவு. அதுவும் பாதிக்குமேல் வயதான படை, முப்பத்தைந்துக்குக் கீழ் இருப்பவர்களையெல்லாம் மேற்கு முனைக்கு (பிரான்ஸ் பக்கப் போர்முனை) உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற நிஜத்தை அப்படியே காய்களில் எண்ணாகப் போட்டிருக்கிறார்கள்.

வரைபடத்தின் இடது ஓரத்தில் மேற்கு முனைக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. மார்ச் 21-ல் பிரான்சில் லூடன்டார்ஃபின் பெரும் தாக்குதல். அதற்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் படைக்காய்களை அந்த ஓரத்துக்கு நகர்த்தியிருக்கவேண்டும். நகர்த்தாத ஒவ்வொன்றுக்கும் புள்ளி போகும், கோடை வந்தால் இரட்டிப்பாகப் போகும். ஆக, உங்களுக்கு இருப்பது ஒரு மாதம். அதற்குள் லெனினிடம் கையெழுத்து வாங்கவேண்டும், அதற்கு அவரை நெருக்கவேண்டும், ஆனால் நொறுக்கிவிடக்கூடாது.

எங்கள் ஆட்டம் ஒன்று எப்படிப் போனது என்று சொல்கிறேன், புரியும். நான் ஜெர்மனி. நார்வா விழுந்தவுடன் எதிரில் இருப்பது யாம்பர்க், வோலோசவா, கட்சினா, அப்புறம் பெட்ரோகிராட். மொத்தமே 150 கிலோமீட்டர். நார்வாவில் சோவியத் தரப்பில் டிபென்கோவின் மாலுமிகள், காயில் பலம் 1 என்று போட்டிருக்கிறது, அதுவே தாராளம் (டிபென்கோ நிஜத்தில் அந்த ஊரை விட்டுவிட்டு வந்ததற்காக விசாரணைக்கே போனார், தப்பித்துவிட்டார்). எதிரணியில் நண்பர் எஞ்சின்களை வெளியே எடுத்திருந்தார், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. ப்ஸ்கோவ், லூகா வழியாக ஒரு படை, நார்வா வழியாக ஒரு படை, இரண்டும் கட்சினாவில் சேர்ந்தன. மத்தியக் குழு வாக்கெடுப்பில் அவருக்குப் பகடை சரியாக விழாமல் 6-க்கு 6 என்று நின்றுவிட்டது. கையெழுத்து இல்லை. நான் என்ன செய்வேன்? போனேன். பெட்ரோகிராடைப் பிடித்துவிட்டேன், மார்ச் நடுவில். மேசையைத் தட்டிச் சிரித்துக்கூட முடியவில்லை, அதற்குள் அவர் பசிச் சீட்டுக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆமாம், பெட்ரோகிராடை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள்தான் அதற்குச் சோறு போடவேண்டும். இருபது லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த ஊர். 1918 தொடக்கத்தில் அங்கே ரொட்டிப் பங்கீடு சில நாட்களில் ஆளுக்கு எட்டில் ஒரு பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 50 கிராம் என்று இறங்கிக்கிடந்தது. ஊர் பாதி காலியாகிக்கொண்டிருந்தது, தொழிற்சாலைகளுக்கு நிலக்கரி இல்லை. அதை நீங்கள் பிடித்தால் உங்களுக்குக் கிடைப்பது என்ன? ஒவ்வொரு சுற்றும் உக்ரைனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஒரு தானிய ரயில் அனுப்பவேண்டிய கடமை. ஜெர்மனியில் தானியம் கிடையாது, அங்கேயே 1916 குளிர்காலத்தில் டர்னிப் தின்று காலம் தள்ளினார்கள். உக்ரைன் ஒப்பந்தத்துக்கு “ரொட்டிச் சமாதானம்” என்று பெயர் வந்ததே பத்து லட்சம் டன் தானியம் தருவோம் என்ற வாக்குறுதியால்தான், வந்து சேர்ந்ததோ அதில் சிறு பகுதி. வறண்ட கிணற்றில் வாளி விட்ட மாதிரி கீவுக்கும் பெட்ரோகிராடுக்கும் நடுவில் என் ரயில்கள் காலியாகப் போய் வந்துகொண்டிருந்தன. ரயில் அனுப்பாவிட்டால் ஊரில் கலவரம், கலவரம் என்றால் கூடுதல் காவல் வில்லை, அது மேற்கு ஓரத்திலிருந்து வரவேண்டும்.

அதற்குள் அவர் அரசாங்க வில்லையை மாஸ்கோவுக்கு நகர்த்தியிருந்தார். நிஜத்தில் ஒப்பந்தம் ஆன பிறகே லெனின் மார்ச் 10 இரவு ரகசியமாகப் பெட்ரோகிராடை விட்டுக் கிளம்பி மறுநாள் மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். விளையாட்டில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மாஸ்கோவும் ஆபத்து என்றால் இன்னும் கிழக்கே உரால் பெட்டி இருக்கிறது, அதற்கும் ஆதாரம் உண்டு. குஸ்னெட்ஸ்க் நிலக்கரியையும் உரால் தொழிற்சாலைகளையும் வைத்துக்கொண்டு அங்கே ஒரு குடியரசு நடத்துவோம், தேவையானால் இன்னும் தூரம் போவோம், பிறகு திரும்பி வருவோம் என்று லெனின் அந்த நாட்களில் பேசியதாக ட்ரொட்ஸ்கி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அரசாங்க வில்லை கிழக்கே ஒவ்வொரு கட்டம் போகும்போதும் கையெழுத்தின் மதிப்பு குறையும். உராலில் உட்கார்ந்துகொண்டு போடும் கையெழுத்துக்கு மூன்றில் ஒரு பங்கு புள்ளிதான். நியாயம்தானே, பாதி நாட்டில் தன் உத்தரவு செல்லாத அரசாங்கத்திடம் கையெழுத்து வாங்கி என்ன செய்வது.

இந்த இடத்தில்தான் டிசைனர் சரித்திரத்தை உண்மையிலேயே படித்திருக்கிறார் என்று தெரிகிறது. இந்த மாதிரி “அப்படி நடந்திருந்தால்” பேச்சுகளில் பெரும்பாலும், லெனினைப் பிடித்துத் தூக்கில் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், இருபதாம் நூற்றாண்டே வேறாக இருந்திருக்கும் என்று போய்விடுவார்கள். ஜெர்மன் அரசாங்கத்துக்குள்ளேயே 1918 ஆகஸ்டில் இதே விவாதம் நடந்தது. ஜூலை 6-ல் மாஸ்கோவில் ஜெர்மன் தூதர் மிர்பாக்கை இடது சோஷலிசப் புரட்சியாளர் கட்சிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பிறகு வந்த ஹெல்ஃபெரிக், போல்ஷெவிக்குகளைக் கைகழுவிவிட்டு எதிரிகளோடு சேரலாம் என்றார். புதிதாக வெளியுறவைப் பார்த்த ஹின்ட்ஸே மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: ரஷ்யாவில் ப்ரெஸ்ட் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டிருப்பவர்கள் போல்ஷெவிக்குகள் மட்டும்தான், மற்ற எல்லாரும் அதைக் கிழிக்கத்தான் துடிக்கிறார்கள். அப்புறம் அவர்களை ஏன் கவிழ்ப்பது? ஆகஸ்ட் 27-ல் துணை ஒப்பந்தம் ஒன்று போட்டு 600 கோடி மார்க் கறந்துகொள்ளப் பார்த்தார்கள். இந்தக் கணக்குதான் விளையாட்டின் மையம், அதை ஒரு பத்தி விளக்கமும் இல்லாமல் புள்ளி அட்டவணையில் ஒளித்து வைத்திருப்பது கெட்டிக்காரத்தனம்.

கடல் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. பால்டிக் கப்பற்படை மார்ச்சில் ஹெல்சிங்கியில் பனிக்கட்டியில் மாட்டிக்கிடக்கிறது. எர்மாக் என்ற பனியுடைப்புக் கப்பலுக்கு ஒரு தனிக் காய், அது பிழைத்திருந்தால் கப்பல்களை இரண்டு இரண்டாகக் க்ரோன்ஷ்டாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகலாம். பெட்ரோகிராட் விழுந்தாலும் க்ரோன்ஷ்டாட் தீவும் எதிர்க்கரையில் க்ராஸ்னயா கோர்க்கா கோட்டையும் சோவியத் கையில் இருக்கலாம், பனி உருகும்வரை ஜெர்மன் கப்பல் கிட்டே வரமுடியாது, அங்கிருந்து பீரங்கிகள் நார்வா பாதையின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். நிஜத்தில் ஏப்ரல் முடிவதற்குள் அந்தக் கப்பற்படையில் பெரும்பகுதி தப்பிவந்துவிட்டது, அதை நடத்திக்கொடுத்த கடற்படைத் தளபதி ஷாஸ்ட்னியை ஜூனில் சோவியத் அரசே சுட்டுக் கொன்றது. அதற்குச் சீட்டு எதுவும் இல்லை, வைத்திருக்கலாம்.

இனி குறைகள். நிறைய இருக்கின்றன.

பெரிய குறை, வெள்ளையர் சீட்டு (வெள்ளையர் என்றால் இங்கே போல்ஷெவிக்குகளை எதிர்த்த ரஷ்யர்கள்). பெட்ரோகிராடைப் பிடித்த ஜெர்மன் ஆட்டக்காரர் இந்தச் சீட்டைப் போட்டால் அங்கே ஒரு முடியாட்சி ஆதரவு அரசாங்கம் முளைத்துவிடும், அதற்குப் படையும் வரும், காவல் வில்லைகள் பாதி மிச்சம். இது சும்மா. ஜெர்மன்காரர்கள் இதைக் கீவில் செய்துபார்த்தார்கள். ஏப்ரல் 29-ல் ராடாவைக் கவிழ்த்து ஸ்கோரோபாட்ஸ்கியை உட்காரவைத்தார்கள், தானியத்தைப் பிடுங்கப் போன இடமெல்லாம் விவசாயிகள் திருப்பி அடித்தார்கள், ஜூலை 30-ல் அங்கிருந்த ஜெர்மன் படைத்தலைவர் ஃபீல்ட் மார்ஷல் ஐக்ஹோர்னையே கீவ் நடுத்தெருவில் இடது சோஷலிசப் புரட்சியாளர் ஒருவர் குண்டு போட்டுக் கொன்றார். காவல் படை குறையவில்லை, கூடியது. அப்புறம் வெள்ளையர் என்பது ஒரே கூட்டமும் இல்லை. டான் பகுதியில் கோசாக் தலைவர் க்ராஸ்னோவ் கைசருக்கே கடிதம் எழுதி ஆயுதம் வாங்கினார், அரசியல்வாதி மில்யுகோவ் கீவுக்கு வந்து ஜெர்மன்காரர்களோடு பேசினார், ஆனால் டெனிகினின் தன்னார்வப் படை ஜெர்மனி பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இந்த மூன்று பேரையும் ஒரே சீட்டில் அடைத்தால் எப்படி?

பின்லாந்தும் இடிக்கிறது. ஏப்ரல் 3-ல் ஜெர்மன் ஜெனரல் ஃபான் டெர் கோல்ட்ஸின் படை, அங்கே உள்நாட்டுப் போரில் செம்படைக்கு எதிராக, ஹாங்கோவில் இறங்கும் என்று விதிப்புத்தகத்தில் நிரந்தரமாகப் போட்டிருக்கிறார்கள். நிஜத்தில் அப்படித்தான் நடந்தது, பத்து நாளில் ஹெல்சிங்கியும் அவர்கள் கையில். ஆனால் மார்ச் நடுவிலேயே பெட்ரோகிராட் விழுந்துவிட்ட ஆட்டத்தில், பின்லாந்துச் செம்படைக்குத் துப்பாக்கி வரும் வழியே அடைபட்டுப்போன பிறகு, கோல்ட்ஸ் எதற்காகக் கப்பலேறி வருகிறார்? மாற்று வரலாறு என்று பெட்டியில் எழுதிவிட்டு இப்படித் தேதியைக் கல்வெட்டில் பொறித்துவைப்பது சரியில்லை.

மாஸ்கோ பாதையும் அவ்வளவாகச் சோதித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. மின்ஸ்க், ஓர்ஷா, ஸ்மோலென்ஸ்க் என்று இரட்டைப் பாதையில் ஒரே ஓட்டமாக 700 கிலோமீட்டருக்குமேல் போய்விடலாம், வழியில் நிற்பது மெல்லிய திரைப் படைகள் மட்டுமே. திரைப் படை என்பது நிஜமான ஏற்பாடுதான், ஜார் காலத்து ஜெனரல் போன்ச்-புரூயெவிச் மார்ச்சில் கட்டியது, ஆனால் அதன் வேலை எதிரியைத் தாமதப்படுத்துவது. விளையாட்டில் அது தாமதப்படுத்துவதே இல்லை. எங்கள் ஆட்டம் ஒன்றில் ஜெர்மன் படை ஏப்ரல் முதல் வாரத்தில் மாஸ்கோவில் நின்றது, பின்னால் காவல் வில்லை இல்லாமல் ஸ்மோலென்ஸ்க் திரும்பிக்கொண்டது, உள்ளே போன படை அங்கேயே மாட்டிக்கொண்டது. பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் லூடன்டார்ஃப் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் இவ்வளவு முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.

பொருளின் தரம் பற்றி. வரைபடம் மடிப்புத் தாள், அட்டை இல்லை. மடிப்புக் கோடு சரியாக ப்ஸ்கோவ் மேல் விழுகிறது, அங்கே வைக்கும் காய் எப்போதும் சாய்ந்தே நிற்கும். மேலே கண்ணாடி வைத்துத்தான் ஆடுகிறோம். காய்களின் வெட்டு நகர்ந்திருக்கிறது, சில காய்களில் பலம் எண் பாதிதான் தெரிகிறது, 3-ஆ 8-ஆ என்று சண்டை வந்தது. எழுதிக் கேட்டேன், புதிய தாள் அனுப்புகிறோம் என்று பதில் வந்தது, தாள் வரவில்லை. வண்ணத்தில் எஞ்சின் வில்லையும் காவல் வில்லையும் ஒரே சாம்பல் நிறம், இரவு விளக்கில் பிரித்தறியவே முடியாது. விதிப்புத்தகம் 28 பக்கம், எழுத்து பொடி, எடுத்துக்காட்டு ஆட்டம் ஒன்றுகூட இல்லை, கடைசிப் பக்கத்தில் இருக்கவேண்டிய அட்டவணை பதினோராம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. விலை ஒன்றும் மோசமில்லை, ஆனால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து விளையாட்டின் விலையையே தொட்டுவிட்டது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். தனியாக ஆடலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, நம்பாதீர்கள், வாக்கெடுப்பில் எதிரில் முகம் பார்க்க ஒரு ஆள் இல்லாவிட்டால் பாதி சுவை போய்விடும்.

ஆட்ட நேரம் மூன்று மணி என்கிறார்கள். முதல் தடவை ஐந்து ஆகும், விதி கைக்கு வந்தபிறகு மூன்றுக்குள் முடியும். மார்ச் மாதச் சுற்றுகள் விறுவிறு, ஏப்ரலுக்குப் பிறகு கார்கோவ், கிரிமியா, ரோஸ்தோவ் என்று தெற்கே ஜெர்மன் காய்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் பகுதி கொஞ்சம் இழுவை. நிஜத்தில் ஒப்பந்தம் போட்ட பிறகும் அவர்கள் தெற்கில் நிற்கவில்லை, மே 8-ல் ரோஸ்தோவ் வரை போய்விட்டார்கள் என்பது சரிதான், ஆனால் விளையாட்டில் அந்தப் பக்கம் யோசிக்க ஒன்றுமில்லை. இணையத்தில் சிலர் தெற்கு வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, சுற்றுக்கு ஒரு பகடை உருட்டித் தானியம் வந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள், நாங்களும் இப்போது அப்படித்தான்.

பெட்டியில் இரண்டாவதாக ஒரு ஆட்டம் இருக்கிறது, ஆகஸ்டில் தொடங்குவது. இதற்காகத்தான் நான் அதிகம் ஆசைப்பட்டேன், ஏனென்றால் இது வெறும் “அப்படி நடந்திருந்தால்” இல்லை. ஷ்லுஸ்டைன் என்ற பெயரில் ஜெர்மன் தலைமையகம் உண்மையாகவே ஒரு திட்டம் போட்டிருந்தது. மூர்மான்ஸ்க் ரயில் பாதையில் இருக்கும் பிரிட்டிஷ் படையை விரட்டுவது, போகிற வழியில் பெட்ரோகிராடை எடுத்துக்கொள்வது. படைகளும் குறித்தாகிவிட்டது, மேற்கு முனை இடிந்துகொண்டிருந்ததால் செப்டம்பர் இறுதியில் கைவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் பிரிட்டிஷ்காரர்களை விரட்டும் அளவில் மாஸ்கோவுக்கும் இதில் ரகசியமாக ஒப்புதல் இருந்தது, பெட்ரோகிராடுக்குள் மட்டும் காலை வைக்காதே என்பதுதான் அவர்கள் கவலை. எதிரிகளாக உட்கார்ந்திருக்கும் இருவரும் ஒரு மூலையில் கூட்டாளிகளாக ஆடவேண்டிய நிலைமை, இதைவிட நல்ல ஆட்டக்களம் ஒரு டிசைனருக்கு எங்கே கிடைக்கும்? அதை வீணாக்கிவிட்டார்கள். சோவியத் ஆட்டக்காரருக்குச் சம்மதிக்கும் வாய்ப்பே வைக்கவில்லை, பிப்ரவரி மாதிரியே சண்டை. அத்தோடு மேற்கு ஓர அளவுகோலையும் பிப்ரவரியில் இருந்ததைப்போலவே விட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் 8-ல் அமியான்ஸில் அடி வாங்கிய பிறகு ஒரு டிவிஷனைக் கிழக்கே வைத்திருப்பதன் விலை அதேதானா?

நாங்கள் இரண்டு சொந்த விதிகளைச் சேர்த்து இதை ஆடுகிறோம், இப்போதைக்கு நன்றாக ஓடுகிறது. ஒன்று, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சோவியத் ஆட்டக்காரர் பெட்ரோஸாவோட்ஸ்க் பாதையை ஜெர்மனிக்குத் திறந்துவிடலாம், திறந்தால் அவருக்கு ஒரு புள்ளி, ஆனால் அந்தச் சுற்றில் ஜெர்மன் படை கட்சினாவில் கால் வைத்தால் ஜெர்மனிக்கு மூன்று புள்ளி நஷ்டம். இரண்டு, மேற்கு ஓரத்தில் ஒவ்வொரு சுற்றும் செலவை ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள், செப்டம்பர் கடைசிச் சுற்றில் ஜெர்மன் ஆட்டக்காரர் விரும்பினால் திட்டத்தைக் கைவிட்டு மீதிக் காய்களை மேற்கே அனுப்பி ஆட்டத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வெள்ளையர் சீட்டை மட்டும் கட்டிலிருந்து எடுத்துப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.